பத்து லட்சம் சாவி! பத்து நிமிஷம்!

இரவு மணி 11. வீட்டில் எல்லோரும் படுத்தாகிவிட்டது.

தலைமாட்டில் இருந்த செல்போன் "டிங்" என்றது. அம்மா எடுத்துப் பார்த்தார்.

ஆறு இலக்கத்தில் ஓர் எண். "இது உங்கள் ரகசிய எண். யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கீழே ஒரு வரி.

"நான் ஒன்றும் கேட்கவில்லையே!" என்றார் அம்மா.

"ஏதாவது தவறி வந்திருக்கும். தூங்கு" என்றார் அப்பா.

தவறி வந்ததாகவும் இருக்கலாம். யாரோ ஒருவர் தன் நம்பரைத் தட்டுவதற்குப் பதில் அம்மாவின் நம்பரைத் தட்டியிருக்கலாம். அல்லது, அம்மாவின் கணக்கை யாரோ திறக்கப் பார்த்துக் கொண்டிருக்கலாம்.

"பார்க்கட்டுமே! எண் என் போனில் அல்லவா இருக்கிறது? அது தெரியாமல் எப்படித் திறப்பான்?"

நியாயமான கேள்வி. உலகத்தில் கோடிக்கணக்கான பேர் இப்படி நினைத்துத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

2019-ம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தார். அதற்காக அமெரிக்கக் கம்பெனி ஒன்று அவருக்கு 30 ஆயிரம் டாலர் பரிசு கொடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20 லட்சம் ரூபாய்!

கண் இல்லாத காவலாளி

செல்போனில் நாம் பார்க்கும் படம், கடிதம், கணக்கு எல்லாம் செல்போனுக்குள்ளேயே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அவற்றில் பெரும்பாலானவை எங்கோ தொலைவில் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர்.

பாங்கியில் குமாஸ்தா உங்கள் முகத்தைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி" என்பார். சர்வர் அப்படிச் சொல்லாது. அதற்குக் கண் கிடையாது. காது கிடையாது. யார் வந்தாலும் ஒரே கேள்விதான். "பாஸ்வேர்டு என்ன?"

சரியாகச் சொன்னால் உள்ளே விடும். தப்பாகச் சொன்னால் விடாது.

பாஸ்வேர்டு மறந்து போனால்? மறப்பது மனித சுபாவம். அதனால் சர்வர் ஒரு வழி வைத்திருக்கிறது. உங்கள் செல்போனுக்கு 6 இலக்க எண் ஒன்றை அனுப்பும். அதைத் திருப்பிச் சொன்னால், "நீங்கள்தான் வீட்டுக்காரர்" என்று நம்பி, புதுப் பாஸ்வேர்டு வைத்துக் கொள்ள விடும்.

ஆக, அந்த எண் சாதாரண எண் அல்ல. அது பூட்டையே மாற்றும் சாவி!

கணக்குப் போடுங்கள்

6 இலக்கத்தில் எத்தனை எண்கள் இருக்க முடியும்?

000000 முதல் 999999 வரை. மொத்தம் 10 லட்சம். அதில் ஒன்றுதான் சரியான எண். அதுவும் 10 நிமிஷம்தான் செல்லும். அதன் பிறகு செத்த எண்.

ஒரு திருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுகிறான் என்று வையுங்கள். 5 வினாடிக்கு ஓர் எண். 10 நிமிஷத்தில் 120 எண்கள்தான் தட்ட முடியும். பத்து லட்சத்தையும் தட்டி முடிக்க, சோறு தண்ணீர் இல்லாமல், தூக்கம் இல்லாமல், 57 நாட்களுக்கு மேல் ஆகும்!

இந்தக் கணக்கைப் பார்த்தால் பயமே இல்லை.

ஆனால் திருடன் ஏன் கையால் தட்டப் போகிறான்? கம்ப்யூட்டரை விட்டுத் தட்டச் சொல்லுவான். அது ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான எண்களைத் தட்டும்.

அதனால்தான் சர்வர் வாசலில் ஓர் எண்ணிக்கைக்காரன் இருக்க வேண்டும். "ஒரு தடவை தப்பு... இரண்டு தடவை தப்பு... பத்துத் தடவை தப்பு. போ வெளியே!" என்று சொல்ல வேண்டும்.

பூட்டின் பலம் சாவியில் இல்லை. இந்த எண்ணிக்கைக்காரனிடம் இருக்கிறது. அவன் தூங்கினால் 6 இலக்கமும் ஒன்றுதான், வெறும் தாழ்ப்பாளும் ஒன்றுதான்.

கொல்லைப்புறக் கதவு

அவன் தூங்கியே விட்ட கதையும் உண்டு.

2016-ம் ஆண்டு. பெங்களூரைச் சேர்ந்த ஆனந்த் பிரகாஷ் என்பவர் பேஸ்புக் கதவைச் சோதித்துப் பார்த்தார். வேறு யாருடைய கணக்கிலும் அல்ல. தன் சொந்தக் கணக்கில்தான்.

பேஸ்புக்கின் முன்வாசல் கெட்டியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு தடவை தப்பான எண்ணைக் கொடுத்ததும், "இனிமேல் முடியாது" என்று அடைத்து விட்டது.

ஆனால் பேஸ்புக்குக்கு வேறு வாசல்களும் உண்டு. புது வசதிகளை வெளியிடும் முன்பு வெள்ளோட்டம் பார்ப்பதற்கு ஒரு தனி வாசல் வைத்திருந்தார்கள். அதன் வழியாகவும் அதே வீட்டுக்குள்தான் போகலாம். அங்கே போய்த் தட்டினார் ஆனந்த் பிரகாஷ்.

தட்டினார். தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். "யார் அது?" என்று கேட்க ஆள் இல்லை! கடைசியில் சரியான எண் விழுந்தது. கதவு திறந்தது.

உடனே பேஸ்புக் கம்பெனிக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் ஓட்டையை அடைத்தார்கள். 15 ஆயிரம் டாலர் பரிசும் கொடுத்தார்கள்.

வாசலுக்கு இரும்புக் கதவும், கொல்லைக்குத் தட்டியும் போடுகிறவர்கள் நம் ஊரில் மட்டும் அல்ல, அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்.

சென்னைக்காரர் செய்த சோதனை

அடுத்தது 2019. பேஸ்புக் கம்பெனிக்குச் சொந்தமானது இன்ஸ்டாகிராம். சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா அதன் கதவைத் தட்டினார்.

இங்கே எண்ணிக்கைக்காரன் தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தான்.

லட்சுமண் சுமார் ஆயிரம் எண்களை அனுப்பினார். அதில் 250 மட்டும் உள்ளே போயின. மீதி 750-ஐ சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது.

வேறு யாராவதாக இருந்தால், "சரி, காவல் இருக்கிறது" என்று எழுந்து போயிருப்பார்கள். லட்சுமண் போகவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம். பத்து எண்ணுக்கே கதவை அடைக்க வேண்டிய காவலாளி, 250 எண்களை ஏன் விட்டான்?

யோசித்தார். இரண்டு ஓட்டைகள் தெரிந்தன.

முதல் ஓட்டை: காவலாளி முகத்தைப் பார்த்துத்தான் எண்ணுகிறான். இணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி எண் உண்டு. "இந்த முகவரியிலிருந்து இத்தனை தடவை" என்று கணக்கு வைக்கிறான். "இந்தப் பூட்டில் இத்தனை தடவை" என்று கணக்கு வைக்கவில்லை. முகவரியை மாற்றிக்கொண்டு வந்தால் அவனுக்குப் புது ஆள்!

இரண்டாவது ஓட்டை கொஞ்சம் நுட்பமானது. அதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஒரு பாங்கி. ஒரு குடும்பத்தின் கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. கணவர் ஒரு ஜன்னலில் நிற்கிறார். மனைவி இன்னொரு ஜன்னலில் நிற்கிறார். இருவரும் ஒரே வினாடியில், "ஆயிரம் ரூபாய் கொடுங்கள்" என்கிறார்கள்.

இரண்டு குமாஸ்தாக்களும் ஒரே நேரத்தில் பேரேட்டை எட்டிப் பார்க்கிறார்கள். ஆயிரம் இருக்கிறது. இருவரும் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். பிறகுதான் பேரேட்டில் எழுதப் போகிறார்கள். அதற்குள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இரண்டாயிரம் போயே போய்விட்டது!

குமாஸ்தா இருவரும் யோக்கியர்கள்தான். தப்பு எங்கே? பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அங்கேதான்.

சர்வரிலும் அப்படித்தான். ஒன்றன் பின் ஒன்றாக வந்தால் எண்ணிவிடுகிறது. நூற்றுக்கணக்கில் ஒரே கணத்தில் வந்து மோதினால், "இதுவரை எத்தனை?" என்று பார்த்துப் பதிவதற்குள் பல எண்கள் உள்ளே நுழைந்து விடுகின்றன.

இரண்டு ஓட்டைகளையும் சேர்த்தார் லட்சுமண். ஆயிரம் முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். சர்வர் தடுக்கவில்லை!

பத்து லட்சத்தில் 2 லட்சம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. முழுவதையும் அனுப்ப 5 ஆயிரம் முகவரிகள் தேவை. அத்தனை கம்ப்யூட்டருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டரைச் சொற்ப நேரத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. சைக்கிள் வாடகைக்கு எடுப்பது மாதிரி எடுக்கலாம். மொத்தச் செலவு 150 டாலர் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். அதாவது சுமார் 10 ஆயிரம் ரூபாய்.

பத்தாயிரம் ரூபாய் இருந்தால், உலகத்தில் யாருடைய இன்ஸ்டாகிராம் கணக்கையும் பத்து நிமிஷத்தில் பறித்து விடலாம் என்ற நிலை! நடிகராக இருந்தாலும் சரி, நம் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி. கணக்குக்கு உரியவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். தன் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். இருந்தும் கணக்கு போயிருக்கும்.

விஷயத்தைக் கம்பெனிக்கு எழுதினார். ஓட்டை அடைபட்டது. அதன் பிறகே ஊருக்குச் சொன்னார்.

ஒரே சாவி, லட்சம் வீடு

அதோடு விட்டாரா? இல்லை. அடுத்த மாதமே மறுபடி போய் அதே கதவைத் தட்டினார்.

ஒருவர் வீட்டுப் பூட்டுக்கு லட்சம் சாவிகளைப் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஒரே சாவியை எடுத்துக்கொண்டு லட்சம் வீட்டுக்குப் போவது இன்னொரு வழி. ஏதாவது ஒரு வீடு திறந்துவிடாதா?

இன்ஸ்டாகிராம் ஒவ்வொரு செல்போனுக்கும் ஓர் அடையாள எண் வைத்திருந்தது. அந்த ஒரே அடையாளத்தைக் காட்டிப் பல பேர் கணக்குகளுக்கு ரகசிய எண் கேட்க முடிந்தது. லட்சம் பேர் கணக்குக்குக் கேட்டால், லட்சம் எண்கள் புறப்படும். அப்புறம் ஏதாவது ஓர் எண்ணை ஊகித்தால், அது யாராவது ஒருவருக்குப் பொருந்தும் வாய்ப்பு பத்தில் ஒன்று!

இதற்கு 10 ஆயிரம் டாலர் பரிசு.

பிறகு மைக்ரோசாப்ட் பக்கம் திரும்பினார். அங்கே 7 இலக்கம். பத்து லட்சம் அல்ல, ஒரு கோடி எண்கள். காவலும் பலமாக இருந்தது. ஆயிரம் எண்களை அனுப்பியதில் 122 மட்டும்தான் உள்ளே போயின. மீதி எல்லாம் தடுக்கப்பட்டன.

மறுபடியும் அதே பாங்கிக் கதை. எல்லா எண்களும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். ஆயிரத்தில் சில பங்கு வினாடி முன்பின் ஆனாலும் காவலாளி பிடித்துக் கொள்கிறான். அதையும் சரிசெய்து, ஆயிரம் எண்களை ஒரே நேரத்தில் அனுப்பினார். சரியான எண்ணும் அதில் கலந்திருந்தது. கதவு திறந்தது!

2020 நவம்பரில் மைக்ரோசாப்ட் அதை அடைத்தது. 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. பலே ஆசாமி!

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் இலக்கம் கூட்டினார்கள். சாவிகள் பத்து மடங்கு ஆயின. ஆனால் ஓட்டை அப்படியே இருந்தது. பூட்டைப் பெரிதாக்கினார்கள். எண்ணிக்கைக்காரனைத் திருத்தவில்லை.

எப்படி அடைப்பது?

முகத்தை எண்ணாதே, பூட்டை எண்ணு. எத்தனை முகவரியிலிருந்து வந்தாலும், ஒரு கணக்கில் ஐந்து தடவை தப்பு விழுந்தால் அந்த ரகசிய எண்ணே செத்துப் போக வேண்டும். இதுதான் முக்கியம்.

பேரேடும் ஒருவர் கையில் இருக்கும்போது இன்னொருவர் தொடக் கூடாது. பார்ப்பதும் எழுதுவதும் ஒரே செயலாக நடக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் மனது வைத்தால் இது பெரிய காரியம் அல்ல. இதே கணக்கு முன்வாசல், பின்வாசல், வெள்ளோட்ட வாசல் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஐந்து தடவை தப்பானால் கணக்கையே பூட்டிவிடு என்று வைத்தால், வேண்டாதவன் ஒருவன் வேண்டுமென்றே ஐந்து தடவை தப்பாகத் தட்டி, உங்களை உங்கள் வீட்டுக்கே போக விடாமல் செய்து விடுவான்! அதனால் கணக்கைப் பூட்டாமல் எண்ணை மட்டும் சாகடிப்பது, அடுத்த எண் கேட்டால் காத்திருக்கச் செய்வது என்று பக்குவமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

திருடன் முந்திக்கொண்டால்?

லட்சுமண் முந்திக்கொண்டார். ஆனந்த் பிரகாஷ் முந்திக்கொண்டார். எப்போதும் அப்படி நடக்குமா?

2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடக்கவில்லை.

பேஸ்புக்குக்குள் ஒரு தடவை பாஸ்வேர்டு சொல்லி நுழைந்தால், சர்வர் ஒரு சீட்டு கொடுக்கும். "டோக்கன்" என்பார்கள். அந்தச் சீட்டு செல்போனிலேயே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்காரர்.

"என் பக்கம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று பார்க்கும் வசதி ஒன்று பேஸ்புக்கில் இருந்தது. அந்த இடத்தில் பிறந்த நாள் வாழ்த்துப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதில் வீடியோ சேர்க்கும் வசதி தவறுதலாக வந்து ஒட்டிக் கொண்டது. அந்த வீடியோ வசதி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தது. யாருடைய சீட்டு? உங்களுடையது அல்ல. நீங்கள் யார் கண்ணால் பார்க்கிறீர்களோ, அவருடைய சீட்டு!

மூன்று சின்னத் தவறுகள் சேர்ந்து ஒரு பெரிய ஓட்டை. 2017 ஜூலை முதல் திறந்தே கிடந்தது. திருடர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவர் சீட்டை வைத்து அவர் நண்பர் சீட்டு, அதை வைத்து அவர் நண்பர் சீட்டு என்று பறித்துக்கொண்டே போனார்கள்.

சுமார் 3 கோடிப் பேர் சீட்டு போயிற்று. இவர்களில் பலருடைய பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் பறிபோயின. பேஸ்புக் 9 கோடிப் பேர் சீட்டுகளை ரத்து செய்து, எல்லோரையும் மறுபடி பாஸ்வேர்டு சொல்லி உள்ளே வரச் சொன்னது.

இதற்கு அயர்லாந்து நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் அபராதம் விதித்தது. எவ்வளவு? 25 கோடியே 10 லட்சம் யூரோ!

ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 30 ஆயிரம் டாலர். கண்டுபிடிக்காமல் விட்டதற்கு அபராதம் 25 கோடி யூரோ. பரிசுத் தொகையை இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது.

பரிசா, ஜெயிலா?

இதைப் படித்துவிட்டு, வீட்டில் உள்ள கல்லூரிப் பையன், "நானும் ஒரு பாங்கியின் கதவைத் தட்டிப் பார்க்கிறேன்" என்று கிளம்பக் கூடாது.

பேஸ்புக் 2011 முதல், ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்குப் பரிசு உண்டு என்று விதிகளோடு அறிவித்திருக்கிறது. மைக்ரோசாப்டும் அப்படியே. சொந்தக் கணக்கில் சோதிக்கலாம். பிறர் கணக்கைத் தொடக் கூடாது. அடைக்கும் வரை வெளியில் சொல்லக் கூடாது. இந்த வரம்புக்குள் நின்றுதான் சோதனை செய்கிறார்கள்.

அப்படி அறிவிக்காத இடத்தில் அனுமதி இல்லாமல் நுழைவது வேறு விஷயம். இந்தியாவின் 2000-ம் ஆண்டு தகவல் தொழில் நுட்பச் சட்டத்தில் 66-வது பிரிவு இருக்கிறது. கெட்ட எண்ணத்துடன் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டி வரும்.

இந்தியாவில் இணையப் பாதுகாப்புக்கு என்று மத்திய அரசு வைத்துள்ள "செர்ட்-இன்" அமைப்பு 2004 முதல் இயங்கி வருகிறது. தற்செயலாக ஓர் ஓட்டை கண்ணில் பட்டால், அதைத் தோண்டாமல், அங்கே தகவல் கொடுக்கலாம்.

அம்மா என்ன செய்ய வேண்டும்?

கேட்காத எண் வந்தால் அம்மா பதற வேண்டியதில்லை. அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும். சற்று நேரத்தில், "பாங்கியிலிருந்து பேசுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால், அவன்தான் திருடன்.

ஒன்றன் பின் ஒன்றாக எண்கள் வந்துகொண்டே இருந்தால், அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. செய்தியில் உள்ள இணைப்பைத் தட்டக் கூடாது. வழக்கம் போல் தானே திறக்க வேண்டும். தெரியாத செல்போன் ஏதாவது உள்ளே நுழைந்திருந்தால், பெரும்பாலான கணக்குகளில் அது பட்டியலில் தெரியும். அதை வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்.

எண்ணிக்கைக்காரன் விழித்திருக்கிறானா என்று மட்டும் அம்மாவால் பார்க்க முடியாது. அது கம்பெனியின் வேலை.

இப்போது எண்ணே இல்லாத சாவி ஒன்று வந்திருக்கிறது. ஆப்பிள், கூகிள், மைக்ரோசாப்ட் மூன்று கம்பெனிகளும் 2022-ல் சேர்ந்து இதை ஆதரிப்பதாக அறிவித்தன. "பாஸ்கீ" என்று பெயர். சாவி செல்போனுக்குள்ளேயே இருக்கும். விரல் வைத்தாலோ முகத்தைக் காட்டினாலோ வேலை செய்யும். திருடன் ஊகிப்பதற்கு ஆறு இலக்கமும் இல்லை, ஏழு இலக்கமும் இல்லை.

ஆனால் செல்போனே தொலைந்து, சாவியும் அதோடு போய்விட்டால்? பல இடங்களில் சர்வர் இன்னும் பழைய வழிக்குத்தான் வருகிறது. ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்புகிறது.